ஆடுதுறையில் எரிந்த விளக்கு

இப்போதெல்லாம் தியாகராசனின் காரில் பெட்ரோல் முள் பாதிக்குக் கீழே இறங்குவதில்லை. கோட்டுச்சேரி பங்க்கில் வேலை பார்க்கிறவர்களுக்கே இது ஆச்சரியம்தான். முதன்முதலாக அவர் "ஃபுல்லா போட்டுடுப்பா" என்று சொன்னபோது, குழாயைக் கையில் பிடித்திருந்த ஆள் நம்பாமல் இன்னொரு முறை கேட்டுக்கொண்டார். தியாகராசன் எந்தப் பக்கமும் பார்க்காமல் தலையை மட்டும் ஆட்டினார்.

அதற்கு முன்பு அவர் இருந்த இருப்பே வேறு. மின்துறையில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்ற மனிதர். வயல் கொஞ்சம் உண்டு, அதைக் குத்தகைக்கு விட்டிருந்தார். ஓய்வுக்காசில் ஒரு சின்ன கார் வாங்கினார். வாங்கியது கார்தான், ஆனால் அவர் ஓட்டியது கணக்கை. எத்தனை லிட்டர் போட்டோம், எவ்வளவு தூரம் வந்தோம் என்பது எப்போதும் நாக்கு நுனியில் நிற்கும். காலையில் டயருக்குக் காற்று பார்க்காமல் வண்டியை எடுக்கமாட்டார். வேகத்தடை கண்ணில் பட்டதுமே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவார், வண்டி அதன் பாட்டுக்கு உருண்டுபோய் ஏறி இறங்கும். ரயில்வே கேட் மூடியிருந்தால் என்ஜினை அணைத்துவிட்டு இறங்கி நிற்பார். பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தால், "ஏந்தம்பி, கேட்டு தொறந்தாதானே போவீங்க" என்பார். சித்திரை வெயிலிலும் ஏசி கிடையாது. வேக முள் ஐம்பதைத் தொட்டால் அவருக்கு உடம்பு கூசும்.

டேங்க்கை நிரப்பவும் மாட்டார். "நெறைய போட்டா அந்தப் பாரத்தையும் வண்டிதானே சொமக்கணும், அதுக்கு வேற பெட்ரோல் செலவாவும்" என்பது அவர் சித்தாந்தம். போகிற ஊருக்கும் வருகிற ஊருக்கும் வேண்டியதை மட்டும் போட்டுக்கொள்வார். அதையும் காரைக்காலுக்குள்ளேதான் போடுவார். தலைகீழாக நின்றாலும் எல்லைக்கு அப்பால் ஒரு சொட்டு வாங்கமாட்டார்.

இதில் அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. நண்டலாற்றுப் பாலம்தான் மாநில எல்லை. இந்தப் பக்கம், காரைக்காலில், விலை குறைவு, அந்தப் பக்கம் கூடுதல். தரங்கம்பாடி, பொறையாற்றுக்காரர்களே டேங்க்கைக் காலியாக வைத்துக்கொண்டு பாலத்தைத் தாண்டினதும் இருக்கிற பூவத்துக்கு வந்து நிரப்பிக்கொண்டு போகிறார்கள். நம் ஊர்க்காரர்கள் வெளியூர் போனால், திரும்பும்போது டேங்க்கை வழித்துத் துடைத்துக்கொண்டு எல்லைக்குள் நுழைவது என்பது ஊர்ப் பழக்கம். நுழைந்ததும் பூவத்து பங்க்கில் ஒரு பெருமூச்சு. யாருக்கும் இதில் வெட்கம் கிடையாது. தியாகராசன் இதில் எல்லோருக்கும் ஒரு படி மேலே இருந்தார், அவ்வளவுதான்.

கும்பகோணம் பக்கம் போய் வருவதற்கு அவர் ஒரு விதியே வைத்திருந்தார். திரும்பி வரும்போது ஆடுதுறையில் பெட்ரோல் விளக்கு எரிந்தால் கவலை இல்லை, வண்டி பூவம் வரைக்கும் வந்துவிடும். இதை அவர் பலமுறை செய்து பார்த்தவர். டீக்கடையில் இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு களை வரும். ஒருநாளும் அந்த விதி அவரைக் கைவிட்டதில்லை.

அவர் மனைவி வெண்மதிக்கு மைலேஜைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவளுக்குக் கார் என்றால் காரைக்காலை ஒட்டிய தலத்தெரு. அங்கேதான் அவளுடைய அக்கா அமுதம் இருந்தாள். தாய் இறந்தபோது வெண்மதி கைக்குழந்தை. அவளை இடுப்பில் தூக்கி வளர்த்தது பாவாடை கட்டிய அமுதம்தான். வெண்மதிக்குக் கல்யாணமாகிற வரைக்கும் அக்கா தனக்கு மாப்பிள்ளை பார்க்கவே விடவில்லை என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். அக்காவைப் பார்க்கவேண்டும் என்றால் வெண்மதிக்குக் காரணமே தேவையில்லை. தியாகராசனும் அதற்கு மட்டும் கணக்குப் பார்த்ததில்லை.

கார் வந்த புதிதில் அமுதத்தைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனார்கள். பின்சீட்டில் வெற்றிலையை மென்றுகொண்டிருந்த அமுதம் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"தம்பி, நம்மள சைக்கிள்காரன் தாண்டிப் போறான்."

"போவட்டும் அண்ணி. அவனுக்கு என்ன அவசரமோ."

"அவனுக்கு அவசரமில்ல. நமக்குத்தான் வண்டி ஓடுதா நிக்கிதான்னு தெரியல."

அமுதம் கிண்டல் செய்தால் தியாகராசனுக்குக் கோபம் வராது. வேறு யார் சொல்லியிருந்தாலும் ஒரு வாரம் பேசமாட்டார்.

போன வைகாசியில் அமுதத்துக்கு இருதயம் பலவீனமாகி, ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்து வீட்டுக்கு வந்தாள். அந்த நேரம் பார்த்துக் கும்பகோணத்தில் தியாகராசனின் தங்கை மகளுக்குக் கல்யாணம். வெண்மதிக்குப் போக மனமே இல்லை. அமுதம்தான் விரட்டினாள். "நான் என்ன ஓடியா போயிடப் போறேன்? போயிட்டு வா. வர்றப்ப கும்பகோணத்து கொழுந்து வெத்தல வாங்கியா. இந்த ஊரு வெத்தல வாயில வச்சா தழ மாதிரி இருக்கு."

முதல் நாளே போனார்கள். கல்யாணத்தன்று காலையில் முகூர்த்தத்துக்கு முன்பே வெண்மதி கடைத்தெருவுக்குப் போய் வெற்றிலை வாங்கி, வாழையிலையில் சுற்றி, ஈரத்துணி போட்டு வைத்துக்கொண்டாள். தாலி கட்டி முடிந்து பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தபோது தியாகராசனின் போன் அடித்தது. அமுதத்தின் மகன் மதியழகன்.

"சித்தப்பா, அம்மாவ திரும்ப ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துட்டோம். டாக்டரு ஒண்ணும் நல்லவிதமா சொல்லல. நெனவு இருக்கு. சித்தி எங்க, சித்தி எங்கன்னு அதையே கேட்டுக்கிட்டு இருக்காங்க. கெளம்பி வந்துடுங்க."

சாப்பிடாமல் கிளம்பினார்கள். வெற்றிலைக் கட்டு வெண்மதியின் மடியில் இருந்தது. கும்பகோணத்தைத் தாண்டும்போதே அவளுக்கு வேர்த்துக் கொட்டியது. தியாகராசன் அவள் முகத்தைப் பார்த்தார். கேட்காமலே ஜன்னலை ஏற்றி ஏசியைப் போட்டார். கார் வாங்கிய நாளிலிருந்து அவராகப் போட்டது அதுதான் முதல் தடவை. பிறகு காலை அழுத்தினார். முள் ஐம்பதைத் தாண்டியது, எழுபதைத் தாண்டியது, அதற்கு மேலும் போனது. லாரியை, பஸ்ஸை, எதிரே வருகிறவனை எல்லாம் ஒதுக்கிக்கொண்டு போனார். அவர் அப்படி ஓட்டி வெண்மதி பார்த்ததில்லை. அவளுக்கு அந்தத் துக்கத்திலும் அவர் மேல் ஒரு நன்றி சுரந்தது.

ஆடுதுறையில் விளக்கு எரிந்தது.

தியாகராசன் அதைப் பார்த்தார். ஆடுதுறைதானே, பூவம் வரைக்கும் வரும் என்று மனம் தானாகச் சொல்லிக்கொண்டது. அந்த விதி ஐம்பதைத் தொடாத காலுக்கும், அணைந்தே கிடந்த ஏசிக்கும் எழுதின விதி என்பது அவருக்கு அப்போது தோன்றவில்லை. ஊருக்கெல்லாம் அதைப் பாடமாகச் சொன்னவர் அவர்தான். வேகமாகப் போனால் வண்டி குடிக்கும் என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார். தனக்குத் தேவைப்பட்ட நேரத்தில் அது மறந்துபோனது.

மயிலாடுதுறையில் நெரிசலில் நின்றபோது வெண்மதியே அந்தச் சிவப்பு விளக்கைப் பார்த்துவிட்டாள்.

"என்னங்க, இங்கயே போட்டுடுங்களேன்."

"அது வரும் மதி. எத்தன தடவ வந்திருக்கோம். பங்க்குல பாரு, எவ்வளவு கூட்டம். நின்னா நேரந்தான் போவும்."

வண்டி விஷயத்தில் அவரை மீறிப் பேசி அவளுக்குப் பழக்கமில்லை. திருக்கடையூரில் சாலையோரத்து பங்க் காலியாக இருந்தது. ஒரு வண்டி கூட இல்லை. வெண்மதி அதைத் திரும்பிப் பார்த்தாள். தியாகராசனும் பார்த்தார். கால் பிரேக்குக்குப் போகவில்லை.

பொறையாறு பங்க்கையும் தாண்டியாயிற்று. கடைகளும் வீடுகளும் முடிந்து வயல் வந்தது. அங்கே வண்டி ஒருமுறை குலுங்கியது, இன்னொரு முறை குலுங்கியது. தியாகராசன் ஓரமாக விட்டார். உருண்டு உருண்டு போய் நின்றுவிட்டது. சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஏசி அணைந்த அமைதியில் வெண்மதி மூச்சு விடுவது கேட்டது.

"நீ உக்காரு. பஸ் எதுலயும் ஏறாத, கூட்டத்துல ஒன்னால நிக்க முடியாது. நான் இதோ வாங்கியாந்துடுறேன்" என்று சொல்லிவிட்டு நடந்தார். வெண்மதியின் போன் கல்யாண வீட்டிலேயே சார்ஜ் இறங்கி அணைந்திருந்தது. இருவருக்குமாக இருந்த ஒரே போன் அவர் சட்டைப்பையில் போனது.

நடந்தார் என்று சொன்னேனே, எந்தப் பக்கம் நடந்தார் தெரியுமா? பொறையாறு பங்க் முதுகுக்குப் பின்னால் கூப்பிடு தூரத்தில் இருந்தது. அவர் கால்கள் எல்லையைப் பார்த்து நடந்தன. யோசித்து நடக்கவில்லை, அது நிச்சயம். இத்தனை வருஷம் பெட்ரோல் என்றால் பாலம் தாண்டிக் காரைக்காலில்தான் என்று பழகிய கால்கள். பாலம் வந்தது. பாலம் கடந்ததும் சாராயக்கடைப் பலகைகள் வந்தன. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கல்யாணச் சட்டையோடு ஓடுகிறவரைக் கடைவாசலில் நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

பங்க்கில் பாட்டிலில் தரமாட்டோம் என்றார்கள். கெஞ்சினார். கேன் கொண்டுவந்தால் பார்க்கலாம் என்றார்கள். பக்கத்து டீக்கடையில் ஒரு எண்ணெய் கேனை வாங்கி, கழுவி, துடைத்துக்கொண்டு ஓடி வந்தார். கேனில் பெட்ரோல் இறங்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"சித்தப்பா, அம்மா போயிட்டாங்க" என்றான் மதியழகன். அழுதுகொண்டே, "கடைசி வரைக்கும் வாசலையே பாத்துக்கிட்டு இருந்தாங்க" என்றான்.

கேன் நிறைந்து கொஞ்சம் வழிந்தது.

பைக்கில் வந்த யாரோ ஒருவர் அவரைத் திரும்பக் கொண்டுவந்து விட்டார். வெண்மதி காருக்கு வெளியே வெயிலில், அவர் போன பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தாள். அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் டேங்க் மூடியைத் திறந்தார்.

"சீக்கிரம் ஊத்துங்க" என்றாள். "ரெண்டு பஸ்ஸு போச்சு. நீங்க சொன்னீங்களேன்னு ஏறாம நின்னேன்."

பாதி பெட்ரோல் வண்டியின் மேலும் அவர் வேட்டியின் மேலும் கொட்டியது. ஒரு சொட்டுக்கு உயிரை விடுகிற மனிதர், கொட்டுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றார். அவள் அதைப் பார்த்தாள். அவர் வாயைத் திறக்கும் முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது. சாலையோரத்து மண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அவள் அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றும் இல்லை, பதினாறாம் நாள் காரியத்திலும் இல்லை. திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். காரியம் முடிந்து காரைக் கழுவும்போது சீட்டுக்கு அடியில் வெற்றிலைக் கட்டு கிடைத்தது. வாழையிலை கறுத்து, வெற்றிலை சருகாகியிருந்தது. அதைக் குப்பையில் போட அவருக்குக் கை வரவில்லை. கொல்லையில் முருங்கை மரத்தடியில் புதைத்தார். புதைத்துவிட்டுக் கொல்லையிலேயே நின்று அழுதார்.

ஒரு கேள்வி அவரை இன்றைக்கும் விடவில்லை. மயிலாடுதுறையில் நிற்காமல் போனது கூட்டத்துக்குப் பயந்தா, விலைக்குப் பயந்தா? கூட்டத்துக்குத்தான் என்று சொல்லிக்கொள்வார். உடனே திருக்கடையூரின் காலி பங்க் கண்முன் வந்து நிற்கும்.

அதற்குப் பிறகுதான் அவர் டேங்க்கை நிரப்ப ஆரம்பித்தது. வண்டியில் ஏறினதும் ஏசியைப் போடுவார். காலை அழுத்துவார். கோட்டுச்சேரியிலிருந்து கடைத்தெருவுக்குப் போவதானாலும் யாரோ துரத்துகிற மாதிரி போவார். டீக்கடையில் மைலேஜ் பேச்சு வந்தால் எழுந்து வந்துவிடுவார்.

இந்த வைகாசியில் அமுதத்துக்கு வருஷத் திதி வந்தது. வெண்மதி குளித்து, படைப்பதற்கு வெற்றிலையும் பழமும் எடுத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தாள். உள்ளூர் வெற்றிலைதான். அவர் ஏசியைப் போட்டார். தலத்தெருவுக்குத் திரும்பும் சாலையில் வழக்கம்போல் விரட்டினார். ஒரு பஸ்ஸைத் தாண்டினார், சைக்கிளில் போன ஒரு பெரியவரையும் தாண்டினார்.

வெண்மதி கையை நீட்டி ஏசியை அணைத்தாள். ஜன்னலை இறக்கினாள். வெயிலும் காற்றும் உள்ளே வந்தன.

"பழையபடி மெதுவாவே போங்க" என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. "இப்ப அங்க யாரும் நமக்காகக் காத்துக்கிட்டு இல்ல."

தியாகராசன் காலைத் தளர்த்தினார். முள் மெல்ல இறங்கி, ஐம்பதுக்குக் கீழே, அது முன்பெல்லாம் நின்ற இடத்தில் வந்து நின்றது. பின்னால் விட்டுவந்த சைக்கிள்காரர் அவர்களைத் தாண்டிப் போனார்.