மூக்கை மட்டும் நிமிர்த்திய பிக்கப்

என் சமையலறை யன்னலைக் காற்று அடித்துச் சாத்திவிடாமல் ஒரு இரும்பு வளையம் தடுத்துக்கொண்டிருக்கிறது. உள்ளங்கையைவிடச் சற்று அகலம், இரண்டு விரல் தடிப்பு. வந்து போகிறவர்கள் யாரும் அதைக் கவனித்ததில்லை. போன கிழமை டென்மார்க்கில், ஓல்போர்க்கிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்த, மகளைக் கட்டிய மருமகன்தான் கையில் எடுத்து உருட்டிப் பார்த்துவிட்டு, "மாமா, இது பிக்கப்பின்ரை முன் ஸ்பிரிங்குக்கு மேலை வைக்கிறது எல்லோ, உங்களுக்கு எங்காலை கிடைச்சது?" என்று கேட்டார். அவரும் அண்மையில் ஒரு பிக்கப் வாங்கியிருக்கிறார். அதை இரண்டு அங்குலம் உயர்த்துவதா, நான்கு அங்குலம் உயர்த்துவதா என்று ஒரு மாதமாக மண்டையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறார். தார் வழுவழுக்கிற இந்த நாட்டு வீதியில் எதற்கு உயர்த்த வேண்டும் என்று கேட்டால், பார்க்க நல்லாயிருக்கும் என்கிறார். எனக்கு ட்ரைவர் அண்ணையின் நினைவு வந்துவிட்டது.

ட்ரைவர் அண்ணை என்னைவிட நான்கு வயது மூத்தவர். ஊரில் யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் வெங்காய லொறி ஓட்டியவர். நான் நில அளவைக் கந்தோரில் படம் வரைந்தவன். அங்கே இருந்திருந்தால் எங்கள் இருவருக்கும் ஒரு கதையும் இருந்திருக்காது. அகதியாக வந்த பிறகு ரண்டர்ஸ் நகரத்தில் ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டோம். எனக்கு டேனிஷ் கொஞ்சம் விரைவாகப் பிடிபட்டது. ஆகவே அவருடைய கடிதம், தொலைபேசி, வைத்தியர் எல்லாமே என் வாய் வழியாகத்தான் போய் வந்தன. நகரத்துக்கு வெளியே கிறிஸ்துமஸுக்கு விற்கும் நத்தார் மரம் வளர்க்கும் ஒரு தோட்டத்தில் அவருக்கு வேலை. தோட்டக்காரர் தன் பழைய ஜப்பான் பிக்கப்பை அவருக்கே விற்றார். இனி மரங்களை அதிலேயே ஏற்றி இறக்கலாம் என்பது ஏற்பாடு.

அந்த வண்டி தண்ணீர் குடிக்கக் குனிந்த மாடு மாதிரி நின்றது. பின்பக்கம் பாரம் ஏற்றுவதற்கென்று வெறுமையில் தூக்கி நிற்கும், முன்பக்கம் தாழ்ந்து கிடக்கும். பிக்கப் எல்லாமே அப்படித்தான். ஆனால் தோட்டத்துப் பாதை களிமண். மழைக்காலத்தில் உழவு இயந்திரச் சில்லுகள் போட்ட பள்ளம் முழங்கால் ஆழம் இருக்கும். வண்டியின் வயிறு மண்ணில் உரசியது. கராஜ்காரரிடம் போனோம். அவர் நிதானமான டேனிஷ்காரர், மூன்று வழி சொன்னார். அப்படியே விடலாம். முன் ஸ்பிரிங்குக்கு மேல் ஒவ்வொரு வளையம் வைத்து மூக்கை மட்டும் நிமிர்த்தலாம். அல்லது முன்னுக்கு நீள ஸ்பிரிங், பின்னுக்கு ஸ்பிரிங்குக்கு அடியில் இரும்புக் கட்டை, பெரிய சில்லு என்று முழு வண்டியையும் உயர்த்தலாம். களிமண்ணில் வேலை செய்கிறவனுக்கு மூன்றாவதுதான் சரி என்றும் சொன்னார். மூக்கை மட்டும் நிமிர்த்தினால் பாரம் ஏற்றியதும் வால் தாழ்ந்து, முன்விளக்கு மர நுனியைப் பார்க்கும் என்று எச்சரித்தார்.

இருபது வருடம் ஸ்டியரிங் பிடித்த மனிதருக்கு இதை நான் மொழிபெயர்க்கவே தேவையில்லை. ஆனாலும் அண்ணை வண்டிக் கதவைத் திறந்து, வாசல் விளிம்புக்கும் நிலத்துக்கும் இடையே தன் காலை வைத்து அளந்தார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார். "அவள் சீலையோடை ஏற வேணும் ஐசே. இடுப்பிலை பிள்ளையும் இருக்கும். வளையம் போதும்."

அவள் என்றது ஊரில் இருந்த மனைவியை. பிள்ளை, அவர் புறப்படும்போது இரண்டு வயதான மகள். இருவரையும் கூப்பிட விண்ணப்பம் கொடுத்துச் சில மாதங்கள் ஆகியிருந்தன. இன்றைக்கு நாளைக்கு வந்துவிடுவார்கள் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். அளவில் பிழை விட்டால் எனக்குப் பொறுக்காது. வேலைக்கு வாங்கிய வண்டியை வேலைக்கேற்ற மாதிரிச் செய்யுங்கோ, ஏறுவதற்கு ஒரு படி வைத்துக்கொள்ளலாம் என்று கராஜ் வாசலிலேயே வாதாடினேன். அண்ணை பிடித்த முயலுக்கு மூன்றே கால். வளையம்தான் வைத்தார். ஆனால் படி பற்றிய யோசனையை மட்டும் எடுத்துக்கொண்டு, தோட்டத்துப் பலகையில் ஒன்று அடித்து, பச்சை வர்ணம் பூசி, ஆசனத்தின் பின்னால் செருகி வைத்தார்.

பிறகு காத்திருப்பு தொடங்கியது. மாதத்துக்கு ஒருமுறை நான் குடிவரவுக் கந்தோருக்குத் தொலைபேசி எடுப்பேன். அலுவல் பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வரும். மறுமாதமும் அதே வசனம், அதே மரியாதை. எங்கள் ஆட்களின் விண்ணப்பங்களை மேலிடம் வேண்டுமென்றே ஒதுக்கி வைத்திருந்தது என்பதும், அதனால் ஓர் அரசாங்கமே பதவி விலகும் என்பதும், அதற்குத் தமிழ் வழக்கு என்று பெயர் வரும் என்பதும் அப்போது எங்களுக்குத் தெரியாது. எங்களில்தான் ஏதோ பிழை, படிவத்தில் ஒரு கட்டத்தை நிரப்பாமல் விட்டுவிட்டோம் என்று நினைத்தோம். நான் பிரதியை எடுத்து வைத்துத் திரும்பத் திரும்ப வாசித்தேன். அண்ணை ஒவ்வொரு கோடையிலும் மகளுக்குச் சப்பாத்து வாங்கினார். இரண்டாம் தரமும் அதே அளவில் வாங்கி வந்தபோது, பிள்ளைக்கு இப்ப எத்தனை வயது என்று கேட்டேன். உள்ளங்கையை விரித்துச் சப்பாத்தை அதில் வைத்துப் பார்த்தார். "விட்டிட்டு வரேக்கை இவ்வளவுதான் ஐசே இருந்தவள்" என்றார். வந்த எல்லோருமே அப்படித்தான் இருந்தோம். என் அம்மாவுக்கு நான் அனுப்பிய கண்ணாடிகூட நான் வெளிக்கிட்ட வருடத்துப் பார்வைக்கு ஏற்றதுதான்.

வண்டி படாத பாடு பட்டது. புகைக்குழாய் மூன்று தடவை கழன்றது. நானும் விடாமல் நச்சரித்தேன். உயர்த்துங்கோ, உயர்த்துங்கோ என்று சாப்பிடும்போதும் சொன்னேன். இரண்டாவது மாரியில் ஒரு மத்தியானம் தலையிலிருந்து கால் வரைக்கும் சேற்றோடு வந்து, குசினி வாசலில் நின்றபடியே சொன்னார். "கராஜுக்குச் சொல்லும் ஐசே. முழுக்க உயத்தட்டும்."

நான் சந்தோசப்பட்டிருக்க வேண்டும். எனக்குப் பயமாக இருந்தது. இரண்டு வருடமாக நான் எதை நச்சரித்துக்கொண்டிருந்தேன் என்பது அந்தக் கணத்தில்தான் எனக்கு விளங்கியது. வண்டியை உயர்த்திவிட்டால் அந்த மனிதர் பச்சைப் படியை எடுத்து அடுப்புக்குள் வைப்பார், சப்பாத்து வாங்கமாட்டார், என்னைத் தொலைபேசி எடுக்கச் சொல்லவும் மாட்டார். மறுநாள், கராஜில் சொல்லிவிட்டேன், சாமான் வெளிநாட்டிலிருந்து வரவேண்டுமாம் என்று பொய் சொன்னேன். நான் அந்தப் பக்கமே போகவில்லை. மாதத்துக்கு ஒருமுறை, வந்திட்டுதாமோ என்று கேட்பார். வருமாம் அண்ணை, பார்த்துக்கொண்டிருக்கினமாம் என்பேன். அந்த வசனத்தை நான் எங்கே படித்தேன் என்பது எனக்கு நன்றாகவே தெரியும். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் சொன்னேன்.

அடுத்த வருடம் அனுமதி வந்தது. நீண்ட பயணத்தின் முடிவில் அந்த இரைச்சல் வண்டியில் பிள்ளை குலுங்கக்கூடாது என்று அண்ணை ரயிலில் கொப்பன்ஹேகன் போய் அவர்களைக் கூட்டிவந்தார். ஆனால் ரண்டர்ஸில் அவர்கள் முதல் ஏறும் வாகனம் தன்னுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்று வண்டித் திறப்பை என்னிடம் தந்துவிட்டுப் போயிருந்தார். நான் வண்டியைக் கழுவி, நிலையத்து வாசலில் நிறுத்தி, பச்சைப் படியைக் கதவடியில் வைத்துக் காத்து நின்றேன். இரண்டு சூட்கேசோடு அண்ணை வந்தார். பக்கத்தில் மெலிந்து கறுத்த ஒரு பெண். அவருடைய இடுப்பளவுக்கு வளர்ந்த ஒரு சிறுமி. அண்ணை கதவைத் திறந்து, குனிந்து, படியைச் சரிபார்த்தார். அவர் நிமிரமுன்னரே சிறுமி மறுபக்கக் கதவால் ஏறி நடுவில் இருந்துவிட்டாள். மனைவி சீலைக் கொய்யகத்தை ஒரு கையால் கூட்டிப் பிடித்து, படியைத் தாண்டி ஒரே எட்டில் உள்ளே ஏறினார். பிறகுதான் நிலத்தில் கிடந்த பலகையைக் கண்டார்.

"இதுக்கு ஏன் படி? ட்ரக்டர் பெட்டியிலை இதைவிட உயரத்துக்கெல்லாம் ஏறி ஓடினனாங்கள்" என்றார். குறையாகச் சொல்லவில்லை, சும்மா சொன்னார். அண்ணை அந்தப் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார். ஊரில் சண்டைக்குள் அவர்கள் எங்கே, எத்தனை தடவை, யாருடைய பெட்டியில் ஏறி ஓடினார்கள் என்பது ஒன்றும் அவருக்குத் தெரியாது. கடிதத்தில் அவர் மனைவி எழுதவில்லை. வண்டியில் மூன்று பேருக்குத்தான் இடம். நான் பலகையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வீடு போனேன்.

அடுத்த கிழமை அண்ணை என்னை ஏற்றிக்கொண்டு கராஜுக்குப் புறப்பட்டார். இப்ப உயத்துவம் என்றார். கராஜ்காரர் வாய் திறந்தால் என் பொய் வெளியே வந்துவிடும். கடைசித் திருப்பத்தில் எனக்குப் பொறுக்கவில்லை. அண்ணை, நான் சாமானுக்குச் சொல்லவே இல்லை என்றேன்.

"தெரியும்" என்றார். வீதியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நான் பொய் சொன்ன மூன்றாம் மாதமே அவர் தன் அரைகுறை டேனிஷோடு தனியே போய்க் கேட்டிருக்கிறார். அப்படி ஒரு ஓடரும் இல்லை என்று கராஜ்காரர் சொல்லியிருக்கிறார். பிறகும் ஏன் மாதா மாதம் என்னிடம் கேட்டீர்கள் என்றேன். வண்டியை ஓரமாக நிறுத்தினார்.

"நீர் ஓடர் குடுக்கேல்லை எண்டவுடனை எனக்கு விளங்கீற்றுது, அவள் வருவாள் எண்டு இன்னொராளும் நம்பிக்கொண்டிருக்கு எண்டு. அது மாறேல்லையோ எண்டு பாக்கத்தான் கேட்டனான்."

அன்று நீள ஸ்பிரிங் போட்டபோது கழற்றிய இரண்டு வளையத்தில் ஒன்றை என் கையில் வைத்தார். மற்றதை அவர் வைத்திருந்தார். இப்போது அது அவருடைய மகளிடம் இருக்கிறது, அண்ணை இல்லை.

மருமகன் திரும்பவும் கேட்டார், இரண்டா நாலா மாமா என்று. நான் வளையத்தை வாங்கி யன்னலில் வைத்தேன். முதலில் என் மகளைக் கூட்டிக்கொண்டு வாரும், அவள் ஏறிப் பார்க்கட்டும் என்றேன்.