நொசிலை ஊதிய வாயால் ஒரு நன்றி

அன்பான சகோதர சகோதரிகளே, முதலில் ஒரு விசயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் நஞ்சு குடிக்கவில்லை. மனைவி ரோசலினோடு சண்டை பிடித்துக்கொண்டு போய் நஞ்சு குடித்தேன் என்று மட்டக்களப்பில் இன்றைக்கும் சிலர் சொல்லித் திரிகிறார்கள். அவர்களில் இரண்டு பேர் இந்தச் செபக்கூட்டத்தில்தான் இருக்கிறார்கள். பெயர் சொல்லமாட்டேன். காதைத் திறந்துவைத்துக் கேட்டால் போதும்.

சண்டை நடந்தது உண்மை. யுத்த காலம் அது. வாவிக்கு இந்தப் பக்கம் எழுவான்கரையில் ஆமி, அந்தப் பக்கம் படுவான்கரையில் இயக்கம். ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிக் கடத்தும் மிதவையை நாங்கள் பாதை என்போம். மண்முனைத்துறையில் அந்தப் பாதைதான் இரண்டு கரைக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருந்தது. போர்த்துக்கேயர் வழிவந்த எங்கள் பறங்கி ஆட்களுக்குத் தச்சு, இரும்பு, தகரம் என்று கைத்தொழில்தான் சோறு போடும். எனக்கு வாய்த்தது வயலுக்கு மருந்து அடிக்கும் மெசின்களைத் திருத்தும் வேலை. முதுகில் மாட்டிக்கொண்டு அடிப்பார்களே, அந்த மெசின்.

மார்கழி மாதம். நெல் குடலைக்கு, அதாவது கதிர் உள்ளே திரளும் பருவத்துக்கு, வரும் நேரம். கொக்கட்டிச்சோலைப் பக்கத்திலிருந்து கணபதிப்பிள்ளை என்ற போடியார், பெரிய வயற்காரர், ஆள் அனுப்பியிருந்தார். வேளாண்மையில் அறக்கொட்டியான் பூச்சி விழுந்துவிட்டது, மூன்று மெசினும் அடைத்துக் கிடக்கிறது, உடனே வரவேண்டும் என்றார். அன்று ஞாயிற்றுக்கிழமை.

"பூசை முடியப் போங்களன். அறக்கொட்டியான் ஒரு மணித்தியாலத்துல வயல்வட்டை முழுக்கத் திண்டு முடிச்சிருமா?" என்றாள் ரோசலின்.

"ஆண்டவருக்கு அவசரமில்ல புள்ள. கணபதிப்பிள்ளைக்குத்தான் அவசரம்" என்றேன்.

சொல்லியிருக்கக் கூடாது. அதற்குப் பிறகு அவள் சொன்னதெல்லாம் ஒழுங்கை முழுவதும் கேட்டது. நான் திருப்பிச் சொன்னது அடுத்த ஒழுங்கைக்கும் கேட்டது. கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு, கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போனேன்.

முதல் இரண்டு மெசினிலும் பெரிய பிழை இல்லை. மூன்றாவதில்தான் விதி இருந்தது. போன போகத்துக்கு அடித்த மருந்து கழுவாமல் உள்ளேயே காய்ந்து கிடந்தது. அதன்மேல் புது மருந்தைக் கண்மட்டத்துக்கு ஊற்றியிருந்தார் போடியார். என்ன மருந்து என்று கேட்டேன். ஒரு நல்லெண்ணெய்ப் போத்தலைக் காட்டினார். செக்பொயின்ற்றில் பறித்துவிடுவார்கள் என்று பயந்து, யாரோ நல்லெண்ணெய் என்று சொல்லி அதில் கடத்திக்கொண்டு வந்திருக்கிறார்கள். பெயர் எழுதிய துண்டும் இல்லை, எவ்வளவு தண்ணீருக்கு எவ்வளவு என்ற கணக்கும் இல்லை.

"கெட்ட நாத்தம் நாறுது. அப்ப நல்ல மருந்துதான்" என்றார் போடியார். நானும் தலையாட்டினேன்.

மெசினை முதுகில் மாட்டி, கைப்பிடியை நாலு தரம் அடித்துப் பார்த்தேன். கசிவை அடைக்கும் றப்பர் வளையம், வோசர், போயிருந்தது. மருந்து குளுகுளுவென்று முதுகால் இறங்கி, சேட்டை நனைத்து, சாரத்துக்கும் வந்துவிட்டது.

"அண்ணே, சேட்டக் களட்டிப்போட்டு முதுகக் கழுவுங்க. வாய்க்கால் பக்கத்திலதான் கிடக்கு" என்றார் கணபதிப்பிள்ளை.

"இருவது வருசமா நான் இதுலதான் குளிக்கிறன் தம்பி. மறுகா பாப்பம்" என்றேன்.

வோசரை மாற்றினேன். பிறகு நொசிலைக் கழற்றினேன். மருந்து சீறி வரும் பித்தளை மூக்குத்தான் நொசில். அதன் துளை அடைத்திருந்தால் தண்ணீரில் ஊறவைத்து, மெல்லிய ஈர்க்கால் எடுக்க வேண்டும். அதற்குப் பொறுமை வேண்டும். என் கைவசம் இருந்தது வாய். எங்கள் தொழிலில் இருக்கிற எல்லாரும் அப்படித்தான் செய்வோம். வாயில் வைத்து ஊத வேண்டும், சத்தத்தைக் கேட்டே துளை திறந்துவிட்டதா என்று சொல்லிவிடலாம். அதில் எனக்குப் பெரிய பெருமை. மூன்று தரம் ஊதினேன். கசந்தது. துப்பினேன். கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு, போடியார் வீட்டில் ஓராக் கறியோடு இரண்டு கோப்பை சோறும் சாப்பிட்டேன். அந்தச் சாரமும் மருந்தில் நனைந்த சாரம் என்பது அப்போது என் மண்டையில் ஏறவில்லை.

பாதையில் ஏறிக் கால்வாசித் தூரம் வந்திருக்கும். நெஞ்சு இறுகியது. வேர்வை ஊற்றியது. வாயிலிருந்து எச்சில் நிற்காமல் ஒழுகியது, கண்ணிலிருந்து தண்ணீர் ஒழுகியது, மற்றதை நான் சபையில் சொல்லவில்லை. பட்டப்பகல் எனக்கு மைமல் பொழுதாக இருண்டது. தோள்மூட்டுச் சதை தானாகத் துடித்தது. முதலில் ஓரா மீனைத்தான் சந்தேகித்தேன். கை நழுவிப் பை விழுந்து, உள்ளே பித்தளைக் குழாய்கள் கலகலத்தபோதுதான் மற்றப் பயம் பிடித்தது. எழுவான்கரையில் ஆமி செக்பொயின்ற். வேர்த்து விறுவிறுத்து, உடம்பெல்லாம் நடுங்க, குழாயும் கம்பியும் சுருளியும் நிறைந்த பையோடு நான் போய் இறங்கப்போகிறேன். என்னைக் கண்டால் நானே சுடுவேன்.

அன்றைக்குத்தான் நான் உண்மையாகச் செபித்தேன். மனப்பாடம் பண்ணியது ஒன்றுமே வாயில் வரவில்லை. "ஆண்டவரே, ஒரு சம்மனச அனுப்பி என்ன உயிரோட வீட்ட சேத்துவிடும். ரோசலின்ட ஏச்ச நான் நேர போய் வாங்கிக்கொள்ளுறன்" என்று மட்டும் சொன்னேன். சாகப் பயமாக இருந்தது. அவளிடம் கடைசியாகச் சொன்ன சொல் அந்தச் சொல்லாகப் போய்விடுமே என்று அதைவிடப் பயமாக இருந்தது.

கரையில் இறங்கினேன். நாலு அடி வைத்தேன். மணலில் விழுந்தேன். துவக்குகள் நிமிர்ந்தன. என்னோடு வந்த சனம் எல்லாம் ஒரு நொடியில் காணாமல் போய்விட்டது. அப்போது மணல் மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து ஒருவர் வந்தார். வயிறு பெருத்த, மீசை நரைத்த கோப்ரல். நான் கேட்ட வானதூதச் சம்மனசுக்கும் இவருக்கும் ஒரு பொருத்தமும் இல்லை. அவர் குனிந்து என் சேட்டை மோந்தார். என் கண் இமையை நிமிர்த்திப் பார்த்தார். பிறகு சத்தம் போட்டு ஏதோ சிங்களத்தில் சொல்லிவிட்டு, சேட்டுப் பொத்தான்களை இழுத்து அறுத்தார்.

"களட்டு. எல்லாம் களட்டு" என்றார்.

அடிக்கத்தான் போகிறார்கள் என்று நினைத்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். பூசைக்குப் போகாதது, மனைவியை ஏசியது, பழைய வோசரைக் கழுவிப் புதிதென்று போட்டது, எல்லாம். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. சாரமும் போய்விட்டது. பாதைக்கு வரிசையில் நின்ற அத்தனை சனத்துக்கும் முன்னால், பிறந்த மேனியாகக் கிடந்தேன். சென்றிக் காவலரணில் குடிக்க வைத்திருந்த பீப்பாய்த் தண்ணீரை இரண்டு ஆமிக்காரர் வாளி வாளியாக ஊற்றினார்கள். கோப்ரல் இரண்டு கையிலும் சொப்பிங் பையை மாட்டிக்கொண்டு, உடுப்புத் தோய்க்கும் சவர்க்காரத்தால் என்னைத் தேய்த்தார். தலைமயிர், காதுக்குப் பின்பக்கம், நகக்கண் என்று ஒரு இடம் விடவில்லை. என் தாய்கூட அப்படித் தேய்த்ததில்லை. சேட்டைத் தடியால் தூக்கித் தூர எறிந்தார். ஒரு பொம்பிளை இரக்கப்பட்டு, நஞ்சுக்கு முறிப்பு என்று புளித்தண்ணி கரைத்து என் வாயில் ஊற்ற வந்தாள். கோப்ரல் அவளைத் தடுத்து, என்னைப் பக்கவாட்டில் சரித்துப் படுக்கவைத்து, ஒரு சாக்கால் மூடி, ஆமி ட்ரக்கில் ஏற்றினார்.

ஆஸ்பத்திரியில் ஊசிக்கு மேல் ஊசி. அந்த ஊசி உயிரைத் தந்தது, புத்தியை எடுத்துக்கொண்டது. சுவரில் மருந்து மெசின்கள் வரிசையாகக் கவாத்துப் போவதைப் பார்த்தேன். கலியாண வீடுகளில் எங்கள் ஆட்கள் பாடும் பறங்கிப் பாட்டுகளை இரண்டு நாள் இடைக்கிடை பாடினேனாம். வாட்டில் சிலர் கை தட்டினார்களாம். மயக்கத்தில் பாட்டு வந்தது, புத்தி தெளியும்போது வாய் காய்ந்து நாக்கு அண்ணத்தில் ஒட்டிக் கிடந்ததால் பேச்சு வரவில்லை. அதற்குள் ஊர் தீர்ப்பு எழுதிவிட்டது. பாதர் வந்து, உயிர் ஆண்டவர் தந்த கொடை, அதை எடுக்க நமக்கு உரிமையில்லை என்று கட்டில் ஓரமாக நின்று பிரசங்கம் வைத்தார். பார்க்க வந்த சொந்தக்காரர் ரோசலினைப் பார்த்து, "ஒரு பூசைக்காகவா மனிசனச் சாகக் குடுத்தாய்?" என்று கேட்டார்கள். அவள் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்குக் காது கேட்டது, வாய் திறக்க முடியவில்லை. என் வாழ்க்கையில் பட்ட வேதனைகளில் அதுதான் பெரிது.

மூன்றாம் நாள் நாக்கு அசைந்தது. "நான் குடிக்கல்ல. ஊதினன்" என்றேன்.

பாதர் என் கையைத் தட்டி, "ஓம் ஓம், எல்லாம் மன்னிக்கப்பட்டிட்டு" என்றார். அவர் நம்பவில்லை.

ரோசலின் கண்ணைத் துடைத்தாள். "இல்ல பாதர். இவரு ஊதக்கூடிய ஆள்தான்" என்றாள். மூன்று நாளுக்குப் பிறகு அவள் முகத்தில் சிரிப்பைக் கண்டேன். அந்தச் சிரிப்புக்காகவே பிழைத்தது நல்லது என்று நினைத்தேன். வார்த்தைப்படியே ஏச்சையும் வாங்கிக்கொண்டேன். குறைவில்லாமல் கிடைத்தது.

உடம்பு தேறியதும் நாங்கள் இருவரும் நத்தார் கேக்கோடு அந்தச் செக்பொயின்ற்றுக்குப் போனோம். முதல் துண்டை என்னைத் தின்னச் சொன்னார்கள். அது அவர்களுடைய கட்டுப்பாடு, குறை சொல்ல ஏலாது. கோப்ரலை வேறு எங்கோ மாற்றிவிட்டார்களாம். தமிழ் தெரிந்த ஒரு ஆமிக்காரர்தான் விசயத்தைச் சொன்னார். அந்தக் கோப்ரல் நெற்காணிக்காரர் வீட்டுப் பிள்ளை. அவருடைய அண்ணனுக்கும் இதே மணமுள்ள மருந்து வயலில் மேலெல்லாம் கொட்டியிருக்கிறது. நனைந்த உடுப்போடேயே வண்டியில் கிடத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். கழுவவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. வழியிலேயே முடிந்துவிட்டது. கேட்டதும் ரோசலின் நிலத்தில் குந்திவிட்டாள்.

அன்றிலிருந்து நான் நொசிலை வாயில் வைத்ததில்லை. ஈர்க்கு இருக்கிறது, வாளித் தண்ணீர் இருக்கிறது, ரோசலின் வாங்கித் தந்த றப்பர்க் கையுறை இருக்கிறது. பெயரில்லாத போத்தலோடு வருகிற மெசினைத் தொடமாட்டேன். காற்றுக்கு எதிரே நின்று அடிக்கிறவனை வரம்பில் நின்றே ஏசுவேன். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிறேன்.

சகோதரங்களே, இக்கட்டு வந்தால் கூப்பிடுங்கள். அழகான சொல் தேட வேண்டாம், அவர் கேட்கிறார். ஆனால் இன்ன மாதிரி ஆளைத்தான் அனுப்பவேண்டும் என்று அவருக்குக் கட்டளை போடாதீர்கள். அந்தக் கோப்ரலின் பெயர் எனக்குத் தெரியாது. வயிறு பெருத்தவர், மீசை நரைத்தவர் என்று அடையாளம் சொல்லித்தான் ஒவ்வொரு பூசையிலும் மன்றாடுகிறேன். யுத்தம் முடியுமட்டும் அவர் உயிரோடு இருந்தாரா, ஊர் போய்ச் சேர்ந்தாரா என்று ஒன்றும் தெரியாது. தன் அண்ணனுக்குச் செய்ய முடியாமல் போனதை எனக்குச் செய்த மனிதர் அவர். எழும்பி நில்லுங்கள், இன்றைக்கு எல்லாரும் சேர்ந்து அவருக்காக ஒரு செபம் சொல்லுவோம்.