துரைராசு வயலில் இல்லாத வரப்பு

பாபநாசத்துக்குத் தெற்கே நாலைந்து ஊர்களில் வானதி என்றால் ‘எந்த வானதி?’ என்று கேட்பார்கள். ட்ரோன்காரப் பொண்ணு என்றால் உடனே கையை நீட்டி வழி சொல்வார்கள்.

கும்பகோணத்தில் பி.காம். படித்தாள். ஒரு துணிக்கடையில் பில் போட்டாள். கல்யாணம் ஆனதும் அதுவும் நின்றது. பிறகு மகளிர் குழுவுக்கு மருந்தடிக்கும் ட்ரோன் ஒன்று வந்து இறங்கியது. யார் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போகிறீர்கள் என்று குழுத் தலைவி மதிவதனி கேட்டபோது எல்லாரும் தரையைப் பார்த்தார்களாம். வானதி மட்டும் மேலே ஓடிய பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்ததால் மாட்டிக்கொண்டாள் என்பான் அவள் புருஷன் சேரன். பல்லிக் கதை பொய். ஆனால் அவள் மறுக்கமாட்டாள். பயிற்சிக்குப் போய், பரீட்சை எழுதி, லைசென்ஸோடுதான் திரும்பினாள்.

அவள் அம்மா அம்சம் இந்த வயல்களைக் குனிந்தே பார்த்தவள். மகள் மேலிருந்து பார்க்கிறாள். வாய்க்கால் வளைவும், வரப்பு பிரிக்கும் பச்சைகளும், ஒற்றைப் பனையின் நிழலும் திரையில் நகர்கையில் வானதிக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. அதை யாரிடமும் சொன்னதில்லை. கேட்டால் “வேலைதானே” என்பாள்.

ரிமோட்டோடு வந்த சின்னத் திரை வெயிலில் கண்ணுக்கே தெரியவில்லை. அதனால் தன் போனையே ரிமோட்டில் மாட்டிக்கொண்டாள். நல்ல போன், கருப்பு கருப்பாகவே இருக்கும், வெளிச்சத்தை முழுக்க ஏற்றிவிட்டால் உச்சி வெயிலிலும் படம் பளிச்சென்று நிற்கும். பறக்காத நேரத்திலும் அதன் முகத்தில் கடிகாரம் அணையாமல் மினுங்கிக்கொண்டிருக்கும்படி வைத்திருந்தாள். கையில் உறை, உறையில் மருந்து. தொடாமலே மணி தெரிய வேண்டும். காற்று எழும்புவதற்குள் வேலையை முடிக்க வேண்டும்.

சேரனுக்கு அந்தக் கடிகாரம்தான் ஆகாது. ட்ரோனையும் பேட்டரிகளையும் தன் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு கூடவே வருகிறவன் அவன். சும்மா நிற்கும் நேரமெல்லாம் வீடியோ பார்ப்பான்.

“எப்பப் பாத்தாலும் எரிய விட்டுட்டே இருக்கியே. ஒருநாள் இல்ல ஒருநாள் பச்சை குத்தின மாதிரி கண்ணாடியில நின்னுடும் பாரு. ஒருத்தன் வீடியோவுல காட்டுறான், போனை அணைச்சாலும் நம்பர் தெரியுது.”

“அணைச்சா எப்படிங்க தெரியும்?”

“சரி, அணைக்கல. லேசா தெரியுது. விஷயம் அதுவா?”

அவள் சிரித்துக்கொண்டே பேட்டரியை மாட்டினாள்.

துரைராசு அந்தப் பக்கத்தில் பெரிய பண்ணைக்காரர். அம்சம் அவரை ‘அய்யா’ என்று எட்ட நின்று கூப்பிட்டவள். வானதி ‘சார்’ என்றுதான் கூப்பிடுவாள், அவரும் பழகிக்கொண்டார். சம்பா பயிர் தூர் கட்டும் சமயம் அவர்தான் முதலில் அழைத்தார். “ரோட்டோரத்து வயலுக்கு அடிச்சுக் காட்டு, பாப்போம்” என்றார் போனில். பாப்போம் என்றால் அவர் மட்டும் இல்லை. அவர் வயலைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று மற்றவர்களும் காத்திருந்தார்கள். யாரும் கூப்பிடாமல் போனால் ட்ரோனை வேறு வட்டாரத்துக் குழுவுக்கு மாற்றிவிடுவதாக ஒரு பேச்சு ஓடியது. வானதிக்கு அந்தப் பேச்சு தெரியும்.

அடிக்கப் போனதற்கு முதல் நாள் மழை. வரப்பு வழுக்கியது. முறைப்படி ரிமோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வயலைச் சுற்றி நடந்து எல்லையைக் குறிக்க வேண்டும். அவள் ரோட்டிலேயே நின்று, திரையில் தெரிந்த செயற்கைக்கோள் படத்தில் விரலால் தொட்டுத் தொட்டு நாலு மூலையையும் குறித்தாள். கிழக்கே குஞ்சிதபாதம் வயல்வரை என்று துரைராசு சொல்லியிருந்தார். படத்தில் கிழக்குப் பக்கம் மெல்லிய வரப்பு ஒன்று நேராகத் தெரிந்தது. அதையே எல்லை என்று வைத்துக்கொண்டாள். துத்தநாகமும் யூரியாவும் கரைத்த கரைசல் புகைபோல் இறங்கியது. ட்ரோன் போய்ப் போய்த் திரும்பியது. அழகாக முடிந்தது.

கொஞ்ச நாள் கழித்து துரைராசு போன் செய்தார்.

“வானதி, வயலெல்லாம் கருகருன்னு வந்திருக்கும்மா. கிழக்கால மட்டும் பாய் விரிச்ச மாதிரி ஒரு பட்டை மஞ்சளா நிக்குது. வந்து பாத்துட்டுப் போ. நான் ஒண்ணும் சொல்லல.”

அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும் சேரனை வண்டியை எடுக்கச் சொன்னாள்.

போய்ப் பார்த்தாள். அவர் சொன்னது குறைவு. ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை, ஸ்கேல் வைத்துக் கிழித்த மாதிரி மஞ்சள் பட்டை. கும்பகோணம் பஸ்ஸில் போகிறவர்களெல்லாம் ஜன்னல் வழியே பார்த்துவிட்டுப் போனார்கள். நிறுத்தத்து டீக்கடையில் ஏற்கெனவே பெயர் வைத்தாகிவிட்டது. “துரைராசு வயலுக்கு ஜரிகை போட்டிருக்காருப்பா. பொண்ணுக்குக் கட்டக் குடுக்கலாம்.”

வீட்டுக்கு வந்து ட்ரோனில் மருந்து தெளிக்கும் நாசில்களை ஒவ்வொன்றாகக் கழற்றி ஊதிப் பார்த்தாள். எதிலும் அடைப்பில்லை. சேரன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். பிறகு அவள் போனை எடுத்தான்.

“எல்லாம் இந்தக் கடிகாரத்தால வந்தது.”

“கடிகாரம் எப்படிங்க வயலை மஞ்சளாக்கும்?”

“இரு. இன்னிக்குக் காட்டுறேன்.” திரை முழுக்க வெறும் வெள்ளை வரும்படி வைத்து, கதவு நிழலில் சாய்த்துப் பார்த்தான். நடுவில், கடிகாரம் இருக்கும் இடத்தில், ஒன்றுமில்லை. சுத்தமாக இருந்தது. அவன் முகம் சற்று விழுந்தது. உடனே எழுந்தது. “இங்க பாரு, இங்க.”

வலது ஓரத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, மேலிருந்து கீழ்வரை, டீக்கறைபோல மங்கலாக ஒரு கோடு.

வானதிக்கு அது என்னவென்று உடனே தெரிந்தது. பறக்கும்போது டேங்க் அளவு, உயரம், பேட்டரி எல்லாம் காட்டும் வெள்ளைப் பட்டியின் ஓரம் அது. முழு வெளிச்சத்தில், வெயிலில், நகராமல் அங்கேயே நின்று எரிந்த பட்டி. கடிகாரமோ மங்கலாக எரியும். அடிக்கடி தானாகவே இடம் மாறிக்கொள்ளும். அதனால் தப்பித்துவிட்டது.

எல்லை குறிக்கும் பக்கத்தைத் திறந்தாள். அங்கே அந்தப் பட்டி வராது. துரைராசு வயலின் படம் வந்தது. பச்சையின்மேல் அந்தக் கறை நேராக, மெல்லிசாக, வரப்பாகவே படுத்திருந்தது. உண்மையான வரப்பு அதற்கும் வலப்பக்கம், திரையின் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்தது.

“இதையா வரப்புன்னு நெனச்சே?” என்றான் சேரன். கேலி செய்யத்தான் ஆரம்பித்தான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினான். “நாசில் அடைச்சிடுச்சுன்னு சொல்லிடு. யாருக்குத் தெரியும்?”

“அப்ப ஒவ்வொருத்தரும் அடிக்கறதுக்கு முன்ன நாசில காட்டு நாசில காட்டும்பாங்க. தப்பு நாசில்ல இல்லையே.”

“வேற எதுல? போன்லயா?”

“நடக்காம ரோட்டுல நின்னேன்ல, அதுல.”

மறுநாள் காலையில் துரைராசு களத்துமேட்டில் நின்று நாற்றுக்கட்டுக் கயிறுகளைச் சுருட்டிக்கொண்டிருந்தார். வானதி நேராகப் போய் நின்றாள். சேரன் வண்டியருகே நின்றுகொண்டான்.

“சார், தப்பு என்மேலதான். அன்னிக்கு வரப்புல நடக்கல. போன்ல உங்க வயலுக்குள்ள ஒரு வரப்பு தெரிஞ்சுது. அதுதான் எல்லைன்னு அதோட நிறுத்திட்டேன்.”

துரைராசுவின் கையிலிருந்த கயிறு நின்றது.

“என் வயலுக்குள்ள வரப்பா?”

“ஆமா சார்.”

“எவன் போட்டான்?”

அவர் முகம் போன போக்கு அவள் எதிர்பார்த்ததில்லை. அவர் தம்பி சென்னையில் இருக்கிறார். இரண்டு வருஷமாகப் பாகம் கேட்கிறார். கிழக்குப் பக்கம் வேண்டும் என்பதுதான் அவர் பிடிவாதம். அது ஊருக்கே தெரியும். துரைராசுவுக்கு மஞ்சள் பட்டை மறந்தேபோயிற்று.

“தாலுகா ஆபீஸ்ல சொல்லாம கொள்ளாம உட்பிரிவு பண்ணிட்டானா? பட்டா இப்பல்லாம் கம்ப்யூட்டர்ல மாறுதுங்கறாங்களே. எந்த எடத்துல விழுந்திருக்கு? கிழக்கா?”

“கிழக்கு... சார், அது பட்டா இல்ல சார்.”

“கோடு இருக்குங்கறே.”

“கண்ணாடியில இருக்கற கறை சார். வரப்பே இல்ல.”

“கறையா எப்படி இருக்கும்? கரெக்டா அவன் கேக்கற எடத்துல?”

சொல்லி விளங்காது என்று தெரிந்தது. வானதி போனை அவர் கையிலேயே கொடுத்தாள். அவர் சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். கோடு தெரிந்தது. மூச்சு வாங்கியது அவருக்கு.

“இப்ப வயலைத் தள்ளுங்க சார். விரலால.”

“எப்படி?”

“இப்படி.”

படம் நகர்ந்தது. துரைராசுவின் வயல் இடதுபக்கம் வழுக்கிப் போனது. குஞ்சிதபாதம் வயல் உள்ளே வந்தது. கோடு நின்ற இடத்திலேயே நின்றது. இப்போது குஞ்சிதபாதம் வயலின் நடுவே வரப்பு.

அவர் இன்னொரு தள்ளு தள்ளினார். குளத்தின்மேல் வரப்பு. இன்னொரு தள்ளு. மாரியம்மன் கோவில் கூரைமேல் வரப்பு. தள்ளிக்கொண்டே போனார். பிறகு திருப்பி இழுத்துக் குஞ்சிதபாதம் வயலுக்கே வந்து நிறுத்தினார்.

“இவன் வயல்லயும் விழுது.”

“விழுது சார்.”

“அப்ப சரி.”

போனைத் திருப்பித் தந்துவிட்டு, வேட்டி முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

“ஒரு நிமிஷத்துல என் நிலத்தைப் பாகம் பிரிச்சுட்டியேம்மா.”

“அந்தப் பட்டைக்கு இப்பவே அடிச்சுத் தரேன் சார். கரைசல் கொண்டாந்திருக்கேன்.”

“ரோட்டுல நின்னா?”

“நடந்து.”

“இரு, நானும் வரேன். என் எல்லை எதுன்னு நான் மிதிச்சுக் காட்டுறேன். இனிமே எந்தக் கறையும் என் வயல்ல படுக்கக் கூடாது.”

இருவரும் கிழக்கு வரப்பில் நடந்தார்கள். அவர் முன்னே, ரிமோட்டை ஏந்தியபடி அவள் பின்னே. ஒவ்வொரு மூலையிலும் அவர் செருப்பை ஓங்கி மிதித்து நின்றார், அவள் குறித்துக்கொண்டாள். அடுத்த வயலில் எலி வளை அடைத்துக்கொண்டிருந்த குஞ்சிதபாதம் நிமிர்ந்து பார்த்தார்.

“என்ன துரை, காலங்காத்தால அளந்துக்கிட்டு வர்றே? என் வரப்பைத் தின்னுடாதே.”

“உன் வயல் நடுவுலயே ஒரு வரப்பு பாத்துட்டுதான் வரேன். போய் உன் பட்டாவ எடுத்துப் பாரு.”

“என்னது?”

“சும்மா சொல்றார் சார்” என்றாள் வானதி.

ட்ரோன் எழும்பியது. மஞ்சள் பட்டையின்மேல் இந்த முறை உண்மையான வரப்புவரை போய்த் திரும்பியது. ஈரப் புகை இறங்கி இலைகளில் படிந்தது. குஞ்சிதபாதம் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கடைசிவரை பார்த்தார். ட்ரோன் தரையிறங்கி இறக்கைகள் அடங்கிய பிறகுதான் பேசினார்.

“எனக்கும் அடிக்கணும். எப்ப வருவே?”

வானதி பதில் சொல்வதற்குள் துரைராசு முந்திக்கொண்டார்.

“அவ வருவா. ஆனா நீ கூட நடக்கணும். நாலு பக்கமும். முட்டி வலின்னு சொல்லக் கூடாது.”

“நடக்கறேன்யா. என் வரப்புல நான் நடக்கறதுக்கு உன்கிட்ட உத்தரவா?”

“நாளைக்குக் காத்து எழும்பறதுக்கு முன்ன வரேன் சார்” என்றாள் வானதி. சேரன் வண்டியின் பின்கதவைத் திறந்துவைத்துக் காத்திருந்தான். அவள் சேற்றுக் காலோடு ட்ரோனைத் தூக்கப் போனாள்.