மில்லியக்கா போட்ட கடிவாளம்

பட்டறையில் அவளை எல்லோரும் மில்லியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். "கொஞ்சம்", "ஏறக்குறைய" என்ற சொற்கள் அவள் வாயில் வராது. எதைக் கேட்டாலும் மில்லிமீட்டரில்தான் பதில். "உப்பு போடறப்ப மட்டும் இவளுக்கு அளவெல்லாம் மறந்துபோயிடும்" என்று அவள் கணவர் வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுச் சொல்வார். கல்யாணமான புதிதில் அவருக்குக் கை ஒடிந்தது. அவர் சொல்லச் சொல்ல இவள் என்ஜினைக் கழற்றி மாட்டினாள். கை சேர்ந்த பிறகும் ஸ்பானர் அவரிடம் திரும்பிப் போகவில்லை. இருபத்திரண்டு வருடமாயிற்று.

பந்தயக் கார்களுக்கு நான்கு சிலிண்டர் என்ஜினை மாற்றிக் கட்டித் தருவது அவள் தொழில். ஒரு வருடம் கட்டியது சொந்தத் தம்பிக்கு. சரக்கு வேன் ஓட்டிப் பிழைக்கிறவன். ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்தில் முதல் மூன்று பேருக்குள் வந்தால் ஒரு குழு அவனைச் சம்பளத்துக்கு எடுத்துக்கொள்ளும். வயது முப்பத்து நான்கு. அடுத்த வருடம் கூப்பிட மாட்டார்கள் என்பது இருவருக்குமே தெரியும்.

இழுவை கூடுவதற்காக, என்ஜினின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட்டின் அடிப்பாகத்தைச் சீவியிருந்தாள். சீவினால் வால்வு பிஸ்டனை நெருங்கும். எவ்வளவு நெருங்கியிருக்கிறது என்று பார்க்க, பிள்ளைகள் பொம்மை செய்யும் களிமண்ணைப் பிஸ்டன் தலையில் ஒட்டி, ஹெட்டை மாட்டி, என்ஜினைக் கையால் சுற்றினாள். திறந்து, வால்வு பதிந்த இடத்தை பிளேடால் அறுத்து அளந்தாள். மற்ற மூன்றும் சரி. இரண்டாவது சிலிண்டரில் மட்டும் களிமண் ஒன்றரை மில்லிகூட இல்லை. இரண்டரை வேண்டும்.

"பிஸ்டனைக் கடைசல் பட்டறையில குடுத்து வால்வுக்கு இடமாப் பள்ளம் எடுக்கணும்டா. நாலு நாள் ஆகும்."

"அக்கா, நாளான்னிக்கு ரேஸ்! மூடி மாட்டு. நிமிஷத்துக்கு ஏழரையாயிரம் சுத்து சுத்தினாத்தான் அவனுங்களைப் பிடிக்க முடியும்."

"அந்த வேகத்துல வால்வு மூடறதுக்குள்ள பிஸ்டன் வந்து இடிக்கும். என்ஜின் இறுகிப்போய்ச் சக்கரம் பூட்டிக்கும். நீ சுவத்துல போய் அப்புவ."

"நான் சைக்கிள் எடுத்தப்பவும் இதையேதான் சொன்ன."

"அப்புனியே."

"அப்பினேன். செத்தா போனேன்?"

அவள் மூடி மாட்டினாள். கம்ப்யூட்டரைச் செருகி பெட்ரோலையும் தீப்பொறி நேரத்தையும் சரிசெய்தபோது, நிமிடத்துக்கு ஆறாயிரத்து ஐந்நூறு சுழற்சிக்கு மேல் போகாதபடி ஒரு கட்டுப்பாட்டையும் போட்டாள். தம்பியிடம் மூச்சு விடவில்லை.

அவன் நான்காவதாக வந்தான்.

"பெட்ரோல் பம்ப் காலை வாரிடுச்சுக்கா" என்று தலைக்கவசத்தோடு வந்து நின்றான். "ஆறரையாயிரத்துக்கு மேல திக்குது." கணவர் உடனே பம்பைக் கழற்றக் குனிந்தார். அவள் வாயைத் திறக்காதிருந்தால் பழி பம்போடு போயிருக்கும்.

"பம்பைத் தொடாதீங்க. கடிவாளம் போட்டது நான்."

தம்பி தலைக்கவசத்தைக் கழற்றி மெதுவாக மேசைமேல் வைத்தான்.

"முக்கால் செகண்டுல போச்சு மூணாவது இடம்."

"சொல்லியிருந்தா ஆறரையாயிரத்துக்குள்ள ஓட்டியிருப்பியாடா?"

"ஓட்டுவேனா மாட்டேனான்னு நான் சொல்லியிருப்பேன். என் உசுரு அக்கா அது."

அவள் மறுநாள் தம்பியை வைத்துக்கொண்டே என்ஜினைத் திறந்தாள். நான்கு பிஸ்டன்களிலும் ஒரு கீறல்கூட இல்லை. கடிவாளத்தால் தப்பியதா, அது இல்லாமலும் தப்பியிருக்குமா? அவன் அவள் முகத்தைப் பார்த்தான். எதையும் அளந்து சொல்கிறவள் அன்று "தெரியலடா" என்றாள்.

குழு வேறொருவனை எடுத்துக்கொண்டது. தம்பி என்ஜினை வேறு பட்டறைக்குக் கொண்டுபோனான். மாதம் ஒருமுறை சாப்பிட வருகிறான். மாமாவைக் கிண்டல் செய்கிறான், பிள்ளைகளின் படிப்பை விசாரிக்கிறான். என்ஜினைப் பற்றி அவனும் பேசுவதில்லை, அவளும் கேட்பதில்லை.

இப்போதெல்லாம் ஓட்டுகிறவனை எதிரே உட்காரவைத்து, எத்தனை சுழற்சி, ஏன் அத்தனை என்று விளக்கி, அவன் கையாலேயே அந்த எண்ணை எழுத வைக்கிறாள். அதற்கு மேல் கேட்பவனுக்கு என்ஜின் கிடையாது. போன மாதம் மட்டும் இரண்டு பேர் கோபித்துக்கொண்டு போய்விட்டார்கள்.