உள்ளே பூசிய சந்தனம்

தூண் பிளந்து வந்த சிங்கமே, துணையற்றார் துணையே,
நான் மறந்த வேளையிலும் என்னை நீ மறவாதே.

இன்று வைகாசிச் சுவாதி. நரசிங்கப் பெருமான் அவதரித்த திருநாள். கடந்த ஐப்பசியில் அடியேனுக்கு நேர்ந்ததை அடியார்களுக்கு விண்ணப்பிக்கிறேன்.

என் இல்லாள் கோமளத்திற்குச் சிறுநீரகங்கள் செயலிழந்து மூன்றாண்டுகள் ஆகின்றன. வாரம் மும்முறை சதுரங்கப்பட்டினத்திலிருந்து செங்கல்பட்டுக்கு டயாலிசிஸ் செய்ய அழைத்துச் செல்ல வேண்டும். ஒருகாலத்தில் எங்கள் பாசுர கோஷ்டியைத் திவ்வியதேசங்களுக்குச் சுமந்த பழைய டீசல் வேன்தான் இப்போது அவளைச் சுமக்கிறது. ஓட்டுபவன் நானே.

ஆயுத பூஜை கழிந்த சில நாள்களில் வேன் படுத்துவிட்டது. விளக்குகள் மங்கின. புது பேட்டரி போட்டேன், அதுவும் இறங்கியது. மெக்கானிக் டைனமோவைச் சோதித்து, "இதுல சார்ஜ் நல்லாத்தான் வருது சாமி. பேட்டரிக்கு ஏன் போவலன்னுதான் புரியல" என்று கைவிரித்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை வேன் கிளம்பவே இல்லை. அடைமழையில் வாடகை வண்டி எதுவும் வர இசையவில்லை. ஒரு முறை சிகிச்சை தவறியது. திங்களன்று அவள் கால்கள் வீங்கின. படுத்தால் மூச்சு முட்டியது. அண்டை வீட்டார் தள்ளிவிட, வேனைக் கிளப்பிப் புறப்பட்டோம்.

திருக்கழுக்குன்றம் தாண்டியதும் அவளுக்கு வாந்தி. பழக்கத்தால் எஞ்சினை அணைத்துவிட்டு அவளைத் தாங்கினேன். அதுவே பெரும்பிழை. மீண்டும் சாவியைத் திருகினேன். 'டக்' என்றது, அவ்வளவுதான். சுற்றிலும் நீர் நிறைந்த வயல்கள். கைபேசியில் அழைப்பு போகவில்லை. கோமளத்தின் உதடுகள் நீலம் பாரித்தன.

ஐம்பதாண்டுகளாக நாவில் இருந்த பாசுரங்களில் ஒன்றுகூட அப்போது வரவில்லை. "நரசிம்மா, இவளுக்கு மூச்சு கொடு" என்று மட்டும் அழுதேன்.

எதிரே வந்த மொபெட் ஒன்று நின்றது. மழைக்கோட்டுக்குள்ளிருந்து தாடி வைத்த முகம் எட்டிப் பார்த்தது. வண்டிகளுக்கு எலக்ட்ரிக் வேலை பார்க்கும் சலீம் என்று பிறகு அறிந்தேன்.

"இன்னா நைனா, நடுரோட்ல நின்னுகினு கீறே?"

சொன்னேன். அவர் மொபெட் பையிலிருந்து எடுத்த கேபிளின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸிலும், மறுமுனையை எஞ்சின் இரும்பிலும் கவ்வ விட்டார். "இப்ப அடி."

எஞ்சின் உறுமியது!

"பேட்டரில இன்னும் கொஞ்சம் உசுரு கீது. எர்த்துதான் போச்சு." பேட்டரியின் எர்த் கேபிள் வேனின் இரும்பு உடலோடு சேரும் நட்டைத் திருப்புளியால் சுரண்டினார். மஞ்சள் தூள் உதிர்ந்தது. "இன்னாது, சந்தனமா?"

என் உடல் கூசியது. ஆயுத பூஜைதோறும் அந்த நட்டைக் கழற்றித் துடைத்து, உள்ளேயும் சந்தனம் சாத்தி முடுக்குவது அடியேன் வழக்கம். மேலே பூசுவது மற்றவர் பக்தி. உள்ளே பூசுவது என் பக்தி என்ற செருக்கு. காய்ந்த சந்தனமும் உப்புக்காற்றின் துருவும் மின்சாரத்தின் வழியை அடைத்திருந்தன.

"சாமி கும்புடு, யாரு வாணாம்னா? மேல வெய்யி. உள்ள இரும்பும் இரும்பும் ஒட்டணும்."

கோமளம் மூச்சிரைப்பிலும் சிரித்தாள். "பாட்டெல்லாம் மனப்பாடம் தம்பி. நட்டு ஒண்ணுதான் தெரியாது."

"கேபிளக் கழட்டாத. ஆஸ்பத்திரி போற வரைக்கும் வண்டிய நிறுத்தாத. போ நைனா!"

இன்னும் சற்றுத் தாமதித்திருந்தால் பிழைப்பது கடினம் என்றார் செங்கல்பட்டு மருத்துவர்.

அன்று அவள் பிழைத்தாள். ஆனால் இதயம் தளர்ந்துவிட்டது. எத்தனை நாள் என்று யாரும் சொல்வதில்லை. நாளையும் செங்கல்பட்டுக்குப் போக வேண்டும். ஒவ்வொரு முறையும் புறப்படும் முன் அந்த நட்டைத் தொட்டுப் பார்க்கிறேன், சந்தனமும் துருவும் இன்றிச் சுத்தமாக இருக்கிறது. கேபிளைச் சலீம் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. வழியில் எவர் வண்டி நின்றாலும் அதை எடுத்துக்கொண்டு இறங்குகிறேன்.

அடியார்களே, சொல்லெல்லாம் கைவிட்ட பின்னும் அவனை அழையுங்கள். எந்த முகத்தோடு வருவான் என்று மட்டும் முடிவு செய்துவிடாதீர்கள்.

இதைப் படிக்கும் ஒவ்வொருவர் இல்லத்திலும் நோயுற்றோர் இன்றிரவு தடையின்றி மூச்சுவிட்டு உறங்க, அவன் காக்க.