சோப்பு கூடாது என்றேன்

அந்த அறையில் மின்விசிறி இருந்தது, போடக்கூடாது. காற்று பட்டால் சொட்டு ஆடும். அதனால் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்திக்கொண்டு, விழுப்புரத்து வெயிலில் வெந்தபடி, கண்ணாடிக் குழாயின் நுனியிலிருந்து விழும் சொட்டுகளை எண்ணிக்கொண்டிருப்பேன். எண்பதுகளின் நடுவில் இரண்டு வருடம் இப்படித்தான் போனது.

திண்டிவனத்தில் எனக்குப் பள்ளிக்கூட வேலை. ஆராய்ச்சிக்காக விடுப்பு எடுத்து, தினமும் விழுப்புரத்துக் கல்லூரிக்குப் பஸ்ஸில் வந்துபோனேன். ஃப்ளூரின் கலந்த, சோப்பு மாதிரியான ஒரு பொடி. துளி கரைத்தாலே தண்ணீரின் பரப்பு இழுவிசை இறங்கிவிடும். இறங்கினால் சொட்டு சிறுக்கும், எண்ணிக்கை கூடும். கூடவே உப்பும் போட்டால் இன்னும் குறைந்த பொடியிலேயே அது நடக்கும். பொடியின் மூலக்கூறுகளுக்கு ஒரே மின்னூட்டம் என்பதால் ஒன்றையொன்று தள்ளும். உப்பு அந்தத் தள்ளலைத் தணித்ததும் பரப்பில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். எவ்வளவு உப்புக்கு எவ்வளவு இறங்குகிறது என்பதுதான் என் ஆராய்ச்சி.

வரைபடத்தாளில் உப்பு போட்ட கோடுகள் ஒழுங்காக வந்தன. உப்பே போடாத கோடு மட்டும் ஒருநாள் ஏறும், மறுநாள் இறங்கும். "அது சரியா வராம தீசிஸ்ல கையெழுத்து கிடையாதும்மா" என்றார் வழிகாட்டிப் பேராசிரியர். மே மாதத்தோடு விடுப்பு முடிகிறது. கையெழுத்து இல்லையென்றால் இரண்டு வருடமும் வீண்.

ஏப்ரலில் ஒருநாள் முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டேன். ஆய்வகத்தில் குடுவை கழுவும் அம்மா, ஒரு குடுவைக்குள் கைப்பிடி கல்லுப்பைப் போட்டு, வாயைப் பொத்திக் குலுக்கிக்கொண்டிருந்தார்.

"என்னம்மா பண்றீங்க?"

"நீங்கதான சோப்பே தொடக்கூடாதுன்னீங்க. அதான் அன்னியிலேர்ந்து உப்பு போட்டு குலுக்கிக்கினு இருக்கேன். மரக்காணத்து உப்பு, பளிச்சுனு ஆயிடும்."

பிறகு, காய்ச்சி வடித்த நீரை வீணாக்கக்கூடாது என்று கொஞ்சமே ஊற்றி ஒரே ஒரு அலசல். எங்கள் வீட்டிலும் எண்ணெய் பாட்டிலை இப்படித்தான் கழுவுவோம். எனக்குக் கோபம் தலைக்கேறியது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. சோப்பு கூடாது என்று சொன்ன வாய், உப்பு கூடாது என்று சொல்லவில்லையே. "இனிமே நானே கழுவிக்கிறேன்" என்றேன். காரணம் சொல்லவில்லை. அவர் முகம் சுருங்கிப்போனது.

யோசித்துப் பார்த்ததில் கொஞ்சம் உயிர் வந்தது. உப்பு போட்ட கரைசல்களில் நானே ஏராளமாகப் போட்டிருக்கிறேன். ஒட்டியிருந்த சிட்டிகை அங்கே ஒரு பொருட்டே இல்லை. கெட்டது உப்பில்லாத கோடு மட்டும்தான். பாட்டிலில் அந்த ஒரு கோட்டுக்கு மட்டும் பொடி மிச்சமிருந்தது. பத்து நாள், குடுவைகளை நானே கழுவி, கதவைச் சாத்திக்கொண்டு எண்ணினேன். கோடு அழகாக இறங்கியது. அழுதுவிட்டேன்.

பேராசிரியர் பார்த்தார். "முன்னாடி ஏன் சரியா வரல?"

போன வருடம் ஒரு குடுவை உடைந்ததற்கு, தினக்கூலியில் இருந்த ஒருவரை அன்றைக்கே நிறுத்தியவர் அவர். இந்த அம்மாவும் தினக்கூலிதான்.

"நான் குடுவைய சரியா கழுவல சார். உப்பு ஒட்டியிருந்தது. உப்பு போட்ட கோட்டுக்கு அதனால ஒண்ணும் ஆகாது சார்."

"ஒட்டியிருந்தது உப்புதான்னு உனக்கு எப்படித் தெரியும்? சோப்பா இருந்திருந்தா எல்லாக் கோடும் கெட்டதுதான?"

பதில் நாக்கு நுனியில் இருந்தது. சொன்னால் கையெழுத்து எனக்கு. அந்த அம்மாவுக்கு வேலை போய்விடும். "தெரியாது சார்" என்றேன்.

"அப்ப எல்லாத்தையும் மறுபடி போடு. புது பாட்டிலுக்கு எழுதறேன். வர ஆறு மாசம் ஆகும்."

வெளியே வந்தேன். அந்த அம்மா கதவோரம் நின்றிருந்தார். எவ்வளவு காதில் விழுந்ததோ தெரியாது.

"கழுவினது சரியில்லன்னு திட்றாராம்மா?" என்றார். "எனக்கு அப்பவே தெரியும், ஒங்களுக்கு இதெல்லாம் கை வராது. வுடுங்க, இனிமே நானே கழுவறேன்."