மாதா சிலையின் முன் ஒரு மைப்பொட்டு

அபுதாபி அருங்காட்சியகத்தில், பழைய ஐரோப்பியத் தேவாலயங்களிலிருந்து வந்த இரண்டு மாதா சிலைகளின் முன் நிற்கிறேன். மூத்த சிலையில் மாதா விறைப்பாக உட்கார்ந்திருக்கிறாள். மடியில் குழந்தைக்குத் தலைமையாசிரியர் முகம். இருநூறு ஆண்டுகள் பிந்திய சிலையில் அவள் இடுப்பை ஒடித்து நிற்கிறாள். குழந்தை சிரித்தபடி அவள் கன்னத்தைத் தொடுகிறது. என் பத்து மாத மகன் என்னை அப்படித் தொடுவதில்லையே, டாக்டரிடம் கேட்க வேண்டுமோ?

அதற்குள் அவன் என் இடுப்பிலிருந்து பாய்ந்து, அந்தச் சிலையின் கண்ணாடிப் பெட்டியில் கன்னத்தை அழுத்துகிறான். கண்படாமலிருக்க நான் வைத்த மைப்பொட்டு, சிரிக்கும் குழந்தையின் கன்னத்துக்கு நேராகக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்கிறது.

மேலே கேமரா. அபராதமா? கணவரின் விசாவுக்கு ஆபத்தா? துப்பட்டாவால் துடைக்கப் போகிறேன். காவலாளி வந்துவிடுகிறார்.

"தொடாதீங்க அக்கா. தமிழா? நமக்குப் பரமக்குடி."

"தெரியாம பட்டுடுச்சுங்க. ஃபைன் போடுவாங்களா?"

"ஃபைன்லாம் மாஃபி, ஒண்ணும் கெடையாது. தொடைக்கிறது என் டூட்டியும் இல்ல, உங்க டூட்டியும் இல்ல. கிளீனிங் ஆளு ஆறு மணிக்குத்தான் வருவான்." குனிந்து பொட்டைப் பார்க்கிறார். "அதுவரைக்கும் இருக்கட்டும்க்கா. நாள் பூரா எத்தன பேரு கண்ணு படுது இந்தப் புள்ள மேல!"